சும்மா போட்ட ஒயர்

என் அக்கா வீட்டுக்காரர் பீம்ராவ் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இதைச் சொன்னால் வியாசர்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'கிட்டார்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள். பத்தாவது ஆள் நான். எனக்கு முழுதும் தெரியும் என்பதால் அல்ல, இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேஸை வைத்து மாமாவைக் கிண்டல் செய்தே காலம் தள்ளியவன் என்பதால்.

மாமாவுக்குப் பகலில் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. அடிபட்டு வரும் பெட்டிகளுக்கு ஒடுக்கு எடுப்பார், துரு தின்ற இடத்தை வெட்டி ஒட்டுப் போடுவார். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும், தகடு எங்கே இளைத்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இதனால் யார்டில் அவருக்கு நல்ல மரியாதை. அந்த மரியாதை அவருடன் பஸ் ஏறும், ஆனால் எர்ணாவூரிலேயே இறங்கிவிடும். வீடு வந்து சேரும்போது அவர் வெறும் 'நாலு கம்பி பீமு'தான்.

அவர் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ஹார்பரில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்த எங்கள் அப்பா தமிழ்ப் பற்றாளர். இல்லாவிட்டால் எங்களுக்கு கார்குழலி, பாரி என்று பெயர் வைத்திருப்பாரா? மாப்பிள்ளை இசைக் கலைஞர் என்று தரகர் சொல்லியிருந்ததால், ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னார். மாமா பையைத் திறந்து பேஸை எடுத்தார். ஸ்பீக்கர் கொண்டுவரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் வாசித்தார். பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துக்கு நடுவே தும், தும் என்று ஏதோ வந்துபோனது. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

"நல்லாகீது தம்பி," என்றார் அப்பா. "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

பாட்டு முடிந்துவிட்டது என்று மாமா சொன்னார். எங்கள் சித்தி கிட்டே போய்க் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கிட்டாருக்கு ஆறு கம்பியாச்சே, மீதி ரெண்டு எங்கே போயிற்று என்று விசாரித்தாள். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்க வேண்டியது. அக்காதான் சரி என்றாள். சத்தமே வராத வாத்தியத்தை வாசிக்கிற ஆள் வீட்டில் சத்தம் போடமாட்டான் என்பது அவள் கணக்கு. கணக்கு என்னவோ சரியாகத்தான் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாமாவின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பெண் பார்த்த நாளாகவே நீண்டுகொண்டு போனது. யார்டு மேனேஜர் தன் பையன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு, பேஸில் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தார். பையன் பயந்து அழுதான். கிட்டாரில் பெயிலானவர்களுக்குத்தான் பேஸைக் கொடுப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வதந்தியைத் தெருவில் முதலில் கிளப்பியது நான்தான். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய கச்சேரிக் குழு புழல் சிறைக்குப் போய்ச் சுதந்திர தினக் கச்சேரி செய்தபோது, கைதி ஒருவர் மாமாவின் கையைப் பிடித்து, "உன் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது அண்ணே, நீ வாசிச்சத நாங்க யாரும் கேக்கல," என்றாராம். அதை மாமா வருத்தத்தோடு சொன்னார். நான் ஒரு வாரம் சிரித்தேன்.

இதற்கெல்லாம் மாமா ஒரு பதில் வைத்திருந்தார். பேஸ் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம், வெளியே தெரியாது, அது இல்லாவிட்டால் வீடு நிற்காது. கேட்டவனிடமும் சொல்வார், கேட்காதவனிடமும் சொல்வார். ரேஷன் கடை வரிசையில் சொல்லி நானே பார்த்திருக்கிறேன். எந்த வீட்டுக்காரனாவது கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்து அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசுவானா? மாமா பேசுவார். காது இல்லாத ஜனம் என்று கடைசியில் எங்களைத் திட்டிவிட்டுப் போவார்.

அவர் வாசித்தது எழிலனின் இன்னிசைக் குழுவில். எழிலன் கீபோர்டு வாசிப்பவர், குழுவுக்கு லீடரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் கச்சேரி பேச வருகிறவர்கள் என்ன பாட்டு என்று கேட்பதில்லை. மேடையில் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். எட்டுப் பேர் மேடை ஒரு தரம், பத்துப் பேர் மேடை ஒரு தரம். கல்யாணத்தன்று பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு முன்னால் வந்து நின்று விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து பேசி ஒன்பது நின்றால் போச்சு, பந்தியில் அதே பேச்சாக இருக்கும். எழிலன் எப்போதும் பத்துப் பேரை நிறுத்துவார். ஆறடி உயரமும் வெள்ளைச் சட்டையுமாக மாமா ஓரத்தில் நின்றால் மேடைக்கே ஒரு களை வந்துவிடும்.

போன ஏப்ரல் பதினான்காம் தேதி, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு, எங்கள் தெருவிலேயே கச்சேரி என்று முடிவானது. இத்தனை வருடத்தில் மாமா திருவொற்றியூரில் வாசித்திருக்கிறார், ராயபுரத்தில் வாசித்திருக்கிறார், சொந்தத் தெருவில் வாசித்ததே இல்லை. விழாக் கமிட்டித் தலைவர் அப்பாவு, தெருவைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதியிருந்தார். மெட்டுப் போட்டது மாமா. பாட்டின் தொடக்கத்தில் எட்டுச் சுற்று பேஸ் மட்டும் தனியாக வரும், வேறு எந்த வாத்தியமும் கிடையாது. அதற்கு எழிலன் தலையாட்டிவிட்டார். மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யார்டிலிருந்து இருபது பேரை வரச் சொல்லி, அவர்களுக்காக முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கயிறு கட்டினார். ஒரே ஒரு நாள் தன் தெரு தன்னைக் கேட்டுவிட்டால் போதும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அதை என்னிடம் சொன்னபோது, காது டாக்டரையும் கூப்பிடலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று மதியம் மூன்று மணிக்கு மைக் செட் இறங்கியது. கமிட்டி சார்பில் மேற்பார்வைக்கு என்னை நிறுத்தியிருந்தார்கள். அதாவது, டீ வாங்கிக் கொடுப்பதற்கு. சவுண்டு டேபிளைப் பார்ப்பவர் வண்ணாரப்பேட்டை யாசின், குழுவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மேடையிலிருந்து வரும் ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. பாட்டு ஒன்று, பாட்டு இரண்டு, கீபோர்டு, பேடு, தபேலா. யாசின் ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகிக்கொண்டே வந்தார். ஒரு ஒயர் மட்டும் டேபிளுக்கு அடியில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தது. அதன் டேப்பில் 'சும்மா' என்று எழுதியிருந்தது.

அது யாருடைய ஒயர் என்று கேட்டேன். யாசின் டீயைக் கீழே வைத்தார்.

"பீம்ராவ் அண்ணனுது," என்றார். "அத சொருவ வேணாம்னு எழிலண்ணன் ஆர்டரு. எனக்கு முன்ன டேபிள் பாத்த ஆளு சொல்லிட்டுப் போனான். ஆறு வருசமா இப்டித்தான் கீது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மாமாவின் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். அதில் அவர் வாசிப்பது அவருக்குக் கேட்கும். அங்கிருந்து யாசின் டேபிளுக்கு ஒரு ஒயர் வரும், டேபிளிலிருந்துதான் பெரிய ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். ஒயர் வந்தது, ஆனால் எங்கேயும் போகவில்லை. ஆறு வருடமாக ஊரெல்லாம் கேட்ட பேஸ், கீபோர்டில் எழிலனின் இடது கை அழுத்தியது. அந்தப் புழல் கைதி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், மாமா அத்தனை பேரையும் காது இல்லாதவர்கள் என்று திட்டினார். அத்தனை காதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய ஜோக் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் எழிலன் எங்கே என்று தேடிக்கொண்டு போனேன்.

எழிலனைப் பிடித்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மண்டபத்தில் மாமா வாசித்த வாசிப்பில் டியூப் லைட் கழன்று விழுந்ததாம், மாப்பிள்ளையின் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பாதுகாப்பாகத் தன் இடது கையிலேயே அடக்கிவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்திருக்கிறார். அப்படியானால் மாமாவை நிறுத்தியிருக்கலாமே என்றேன். நிறுத்தினால் மேடையில் ஒன்பது பேர் ஆகிவிடுமே என்றார். பிறகு, மாமா நல்ல மனிதர், சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று இழுத்தார். கழுத்தை அறுத்தவன், வலிக்குமே என்றுதான் சொல்லவில்லை என்கிற கதை.

இன்றைக்கு எட்டுச் சுற்று தனியாக வருகிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். அதையும் தானே வாசித்துவிடுவதாகச் சொன்னார். மாமா எதிரில் நின்று விரலை ஆட்டிக்கொண்டிருப்பார், தெரு கைதட்டும், யாருக்கும் நஷ்டமில்லை என்றார்.

சொல்வதா, வேண்டாமா என்று நான் ரொம்ப நேரம் யோசித்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை இன்னொருவன் வாயால் அவர் கேட்கக் கூடாது என்று தோன்றியது, நேரே போனேன். மாமா முன்வரிசை நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டேபிளுக்குக் கூட்டிவந்து ஒயரைக் காட்டினேன். அவர் ரப்பர் பேண்டைக் கழற்றினார். டேப்பில் இருந்த எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு ஒயரைப் பழையபடியே சுருட்டி ரப்பர் பேண்டைப் போட்டு வைத்தார். யாசினிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"உனக்கு முன்னயே தெரியுமா மச்சான்?"

அவர் அப்படிக் கேட்டது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அதற்கு நான் தகுதியானவன்தான். இருபத்திரண்டு வருடமாக நான் செய்த வேலைக்கு, இதையும் தெரிந்து வைத்துக்கொண்டு சிரித்திருப்பேன் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? இப்போதுதான் தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். படுத்துவிடுவார், இனி மேடைக்கு வரமாட்டார் என்று பயந்துகொண்டே நான் பின்னால் போனேன்.

வீட்டில் அவர் டி.வி.யைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தார். டி.வி. இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது ஒரு கறுப்புப் பெட்டியின் மேல். கன்டெய்னரின் தரைக்குப் போடுவார்களே தடிமனான பலகை, அதில் கழித்துப் போட்டதை யார்டில் கேட்டு வாங்கி வந்து மாமா தன் கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டி அது. உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர். லாரி ஏறினால்கூட வளையாத பலகை, நாலு பேர் இல்லாமல் அசையாது. வேனில் ஏற்றமாட்டேன் என்று எழிலன் சொன்ன நாளிலிருந்து அது டி.வி. ஸ்டாண்டாக இருந்துவந்தது. அக்கா அதன் மேலிருந்த சின்ன புத்தரை எடுத்து அலமாரியில் வைத்தாள். எதிர் வீட்டுப் பையன்கள் மூன்று பேரை மாமா கூப்பிட்டார்.

"தூக்கினு போ," என்றாள் அக்கா. "திருப்பிக் கொண்டாந்தா வைக்க எடம் இல்ல, பாத்துக்கோ."

நீலக் கொடிகளுக்கு நடுவே அந்தப் பெட்டி தெருவில் ஊர்வலம் போனது. பிணப்பெட்டி என்று நினைத்துச் சிலர் எழுந்து நின்றார்கள். மேடையில் ஏற்றியதும் எழிலன் ஓடிவந்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பப்ளிக்குக்கு நெஞ்சடைப்பு வரும், பேசின பேச்சு என்ன என்றெல்லாம் சொன்னார். மாமா குனிந்து தன் ஒயரைத் தன் பெட்டியில் சொருகிக்கொண்டிருந்தார். இனிமேல் அடுத்தவன் ஒயரை நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போல. சொருகி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"எழிலா, இன்னிக்கி உன் எடது கைய பாக்கெட்ல வெச்சிக்கோ."

"இல்லன்னா இன்னா பண்ணுவ அண்ணே?"

"கீழ எறங்கிடுவேன். அப்பால அப்பாவு வந்து எண்ணுவாரு."

எழிலன் மேடையைப் பார்த்தார். அப்பாவு ஏற்கெனவே கீழே நின்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார். இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கீபோர்டுக்குப் போனார்.

ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. முதலில் அப்பாவு எழுதிய பாட்டு. தெரு நிறைய ஜனம், முன்வரிசையில் எண்ணூர் ஆட்கள் இருபது பேர். மாமா எட்டுச் சுற்றையும் தனியாக வாசித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாசித்து நான் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டது அதுதான். ரொம்ப நன்றாக இருந்தது. பெரிய மழைக்கு முன்னால் தூரத்தில் உறுமுமே, அப்படி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், விரல் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. நாலாவது சுற்றில் அப்பாவு மைக்கைப் பிடித்து, மைக் டெஸ்டிங் நடக்கிறது, முடிந்ததும் பாட்டு ஆரம்பிக்கும், பொதுமக்கள் அமைதியாக இருக்கவும் என்று அறிவித்தார். பாட்டை எழுதியவரே அவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது சுற்று முடிந்து மற்ற வாத்தியங்களும் சேர்ந்ததும் தெரு எழுந்து ஆட ஆரம்பித்தது. எத்தனையோ கச்சேரிக்கு ஆடிய தெருதான், ஆனால் அன்றைக்கு ஆட்டத்தில் வேறு ஒரு கனம் இருந்தது. வீட்டுக் கதவுகள் லேசாக அதிர்ந்தன. எண்ணூர் ஆட்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு உள்ளே குதித்தார்கள். எல்லாருக்கும் ஏதோ ஏறிவிட்டது, அது எங்கிருந்து ஏறுகிறது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது சரணத்தில் அப்பாவு பொன்னாடையோடு மேடை ஏறினார். இந்த ஆட்டத்துக்குக் காரணமான கலைஞனைக் கௌரவிக்க வேண்டும் அல்லவா? நேராகப் போய், ரிதம் பேடு தட்டிக்கொண்டிருந்த அறிவு என்பவருக்குப் போர்த்தினார். தெரு விசில் அடித்தது. அறிவு நாணத்தோடு கும்பிட்டார்.

மாமா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பாட்டு நிற்கவில்லை. பாடுகிறவர் பாடினார், அறிவு பொன்னாடையோடு தட்டினார், கீபோர்டும் தபேலாவும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் எதிர் வீட்டு ரேடியோவில் கேட்பது போல எல்லாம் தகரமாகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால் தடுமாறியது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிலர் அப்படியே நின்றார்கள். எழிலனின் இடது கை தானாகக் கீபோர்டு பக்கம் போனது, மாமா திரும்பிப் பார்த்ததும் மடிக்கு வந்தது. கூட்டம் முழுவதும் யாசின் பக்கம் திரும்பி, சவுண்டு போச்சு, சவுண்டு போச்சு என்று கத்தியது. செருப்புகூட ஒன்று பறந்தது. யாசின் டேபிளைத் தொடவில்லை. எழுந்து நின்று, மேடை ஓரத்தில் கை கட்டி நின்ற ஆறடி ஆளை விரல் நீட்டிக் காட்டினார்.

என் தெரு முதல்முறையாக பீம்ராவைப் பார்த்தது. நானும் அவர்களோடு நின்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பாடுகிறவரும் பாட்டை விட்டுவிட்டார். மேடையிலேயே மாட்டிக்கொண்ட அப்பாவுதான் மாமா கிட்டே போனார். மைக் பக்கத்தில் இருந்ததால் தெரு முழுவதும் கேட்டது.

"இன்னா பீமு நிறுத்திட்ட? போடு."

"எதப் போடணும்?" என்றார் மாமா.

அப்பாவு தெருவைப் பார்த்தார், அறிவைப் பார்த்தார், எழிலனைப் பார்த்தார், ஒருவரும் உதவவில்லை. கடைசியில் உள்ளங்கையை விரித்துத் தன் தொப்பையின் மேல் வைத்தார்.

"அதாம்பா. இங்க வருதே, அது."

மாமா உடனே வாசிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார், மூடியைச் சுற்றி மூடினார், சுருதி சரியாகவே இருந்த ஒரு கம்பியைத் திருகிச் சரி பார்த்தார். அதுவரை ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.